மரத்துக்கு ஒரு திட்டம், கூலிக்கு ஒரு திட்டம்: சேர்த்துக் கட்டினால் கெடுமா?

ஜூன் 2, காலை (ஒரு வாசகர் கேட்டது)

அரசாங்கம் எதை அறிவித்தாலும் இப்போது 'பசுமை வேலை' என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். காடு வளர்க்கணும் என்றால் காடு வளர்க்கத் தெரிந்தவனிடம் காசைக் கொடுங்கள். ஏழைக்கு உதவணும் என்றால் அவன் கையில் காசைக் கொடுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் மரமும் பிழைக்காது, ஆளும் பிழைக்கமாட்டான். யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ரூஸ்வெல்ட்டை மட்டும் இழுக்காதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஜூன் 2, இரவு

ரூஸ்வெல்ட்டை இழுக்காமல் இந்தப் பேச்சு ஓடாது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது அந்த அமெரிக்க அதிபர் வேலையில்லாத இளைஞர்களைக் காட்டு வேலைக்கு எடுத்த 'சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்' முகாம்களைத்தான் சொல்கிறேன். ஆனால் முந்நூறு கோடி மரம், முப்பது லட்சம் இளைஞர்கள் என்ற வழக்கமான கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம். தேதிகளைப் பாருங்கள். 1933 மார்ச் 4 பதவியேற்பு. மார்ச் 31 சட்டத்தில் கையெழுத்து. ஏப்ரல் 17 வர்ஜீனியாவில் முதல் முகாம். ஜூலைக்குள் 1,300-க்கு மேல் முகாம்கள், ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம் பேர். இன்றைக்கு இந்த அவகாசத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனாலே பெரிய விஷயம்.

எப்படி முடிந்தது? ஆள் எடுத்தது தொழிலாளர் துறை. கூடாரம் போட்டு, சாப்பாடு போட்டு, காலையில் தட்டி எழுப்பியது ராணுவம். எங்கே, என்ன செய்யணும் என்று சொன்னது காட்டையும் பூங்காவையும் வைத்திருந்த துறைகள். அந்தத் துறைகளிடம் காசில்லாமல் கிடப்பில் போட்ட வேலைகள் வருடக்கணக்கில் குவிந்து கிடந்தன. ஆளைச் சேர்த்துவிட்டு 'இப்போ இவர்களை என்ன செய்யச் சொல்வது' என்று முழிக்கவில்லை.

உங்கள் 'கையில் காசு' விஷயமும் அதற்குள்ளேயே இருந்தது. மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். ஆறு மாதச் சேர்க்கை, விரும்பினால் நீட்டிக்கலாம், பொதுவாக இரண்டு வருடம் வரை. அதாவது வசந்தத்தில் கன்று நட்டவன் அடுத்த பருவத்திலும் அதே திட்டத்தில் இருக்க வழி இருந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

குறை இல்லையா என்றால், நிறைய. பெரும்பாலும் கல்யாணமாகாத இளைஞர்களுக்குத்தான். கறுப்பினத்தவருக்குத் தனி முகாம். பெண்களுக்கு இடமே இல்லை. அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் பிடிவாதமாக நின்று பெண்களுக்கென்று சில முகாம்கள் திறக்க வைத்தார், அதில் மொத்தமே சுமார் 8,500 பேர். லட்சக்கணக்கான ஆண்களுக்கு எதிரே இந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

ஜூன் 3

'குழி தோண்டி, தோண்டிய குழியை மூடினாலும் பரவாயில்லை என்றவர் கீன்ஸ்' என்று, அந்தப் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞரை இழுத்து ஒருவர் சாதிக்கிறார். அவர் 1936-ல் எழுதியது அது இல்லை. பழைய பாட்டில்களில் பண நோட்டை அடைத்து, கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் புதைத்து, மேலே ஊர்க் குப்பையைக் கொட்டி மூடிவிட்டு, தனியார் வந்து தோண்டி எடுக்கட்டும் என்று விட்டால்கூட வேலையின்மை தீரும் என்றார். சொன்ன கையோடு, வீடு கட்டுவது போன்ற காரியங்களே இதைவிடப் புத்திசாலித்தனம் என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பாட்டில் புதைத்திருந்தால் என் தளத்தில் அளவு நாடாவே தேவைப்பட்டிருக்காது.

ஜூன் 6

'என் தளம்' என்றதும் என்ன வேலை என்று கேட்கிறார்கள். மண்வேலையில் அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் ஏற்றுவது. மழைநீர் நிற்க அகழி, சரிவில் வரப்பு, கன்றுக்குழி, குளத்தில் தூர். நாள் கூலி என்றுதான் பெயர். வெட்டிய மண்ணின் கன மீட்டரை வைத்துத்தான் கை நிறைவதும் குறைவதும்.

அளவு எப்படி எடுப்பது என்பதைச் சொல்கிறேன், இந்த இழையின் மொத்தச் சண்டையும் அதில் இருக்கிறது. குழி வெட்டும்போது நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் குத்தாக விட்டுவிடுவார்கள். தரை முன்னால் எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அந்த மண்குத்துதான் சாட்சி. அதன் தலையில் பழைய புல் காய்ந்துபோய் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் முதலில் குனிந்து அந்தப் புல்லை இரண்டு விரலில் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். வராவிட்டால் சரி. புல் அப்படியே கையோடு வந்து, அடியில் பொலபொலவென்று மண் உதிர்ந்தால், யாரோ மேலே மண்ணை அப்பி, புல்லையும் நட்டு வைத்திருக்கிறார்கள். குழி ஆழமாகிவிடும், வெட்டாமலே! சிரிப்பை அடக்கிக்கொண்டு குறைத்து எழுதுவேன். அவர்களும் சிரித்துவிடுவார்கள்.

ஏமாற்று வேலை என்று திட்டக் கிளம்பாதீர்கள். எவ்வளவு வெட்டினால் எவ்வளவு கூலி என்று சொல்லும் வீத அட்டவணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் திடகாத்திரமான ஆட்களை மனதில் வைத்துப் போட்டது. வறட்சியில் பாறையாக இறுகிய மண்ணில், அறுபது வயதுக்காரியும் கைக்குழந்தைக்காரியும் சேர்ந்த குழு அந்த அளவை எட்டவே முடியாது. இந்தியாவில் வேலை உறுதிச் சட்டம் (நூறு நாள் வேலை) வந்த பிறகு பல மாநிலங்கள் ஆட்களைத் தளத்தில் வேலை செய்யவிட்டு, நேரம் பார்த்து அளந்து, வீதத்தையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரே குழியில் மேல் மண் ஒரு வீதம், அடியில் வரும் சரளை ஒரு வீதம், மண்ணைத் தூக்கிச் சுமக்கும் தூரத்துக்கும் உயரத்துக்கும் தனி. இத்தனை நுணுக்கமும் வெட்டுவதற்கு மட்டும்தான்.

களை எடுத்ததற்கு? களை எடுத்த இடம் எதுவுமே நடக்காத இடம் மாதிரி இருக்கும். கன்றை மேயவந்த ஆட்டை விரட்டியதற்கு? அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒரு மழையில், போன வருடம் போட்ட கரை ஒரு முனையில் கரைய ஆரம்பித்தது. நாலைந்து பேர் ஓடிப்போய் சாக்கில் மண்ணடைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடைத்தார்கள். கூலி எழுதப் போனால், மதிப்பீட்டில் அந்தச் செலவு இனமே இல்லை என்று மேலே இருந்தவர் கையை விரித்துவிட்டார். அடுத்த மழையில் கரை போய்விட்டது. மறுவருடம் அதே கரையைப் 'புதிதாக' அமைக்க மதிப்பீடு வந்தது. அதற்குக் காசு இருந்தது! வேலை நாட்களும் அதிகம் காட்டலாம். புள்ளிவிவரத்தில் அது வெற்றி.

அதனால் 'இரண்டும் சேராது' என்ற உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. அளக்க வருகிற வேலை அளக்க வராத வேலையைத் தின்றுவிடுகிறது. என் வாதம் அவ்வளவுதான்.

ஜூன் 7

நேற்று எழுதியதைப் படித்தால் அளவு நாடாதான் வில்லன் என்பது போலத் தோன்றுகிறது. அப்படியும் இல்லை. அளவே வேண்டாம், வந்தவருக்கெல்லாம் வருகைக்குக் கூலி என்று வைத்த இடத்தில் என்ன நடக்கும் என்று தெரியும்: பதிவேட்டில் பெயர் இருக்கும், தளத்தில் ஆள் இருக்கமாட்டார். கன மீட்டர் கணக்கு கூலிக்காரருக்கும் ஒரு பிடிமானம். 'இதோ குழி, எங்கே காசு' என்று கேட்கலாம். எழுத்தறிவே இல்லாத ஒருவர் தன் குழியைக் குச்சியால் அளந்து என்னிடம் சண்டைக்கு வந்ததுண்டு. அவர் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது.

ஜூன் 12

முகாம் இளைஞர்களின் வேலையைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் அந்தக் காலத்திலேயே, 1934-ல், ஒரு கூத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு குழு ஓடையில் மீன்களுக்காகச் சிறு தடுப்புகளும் மறைவிடங்களும் கட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு குழு அதே ஓடையோரம் களிமண் கரையை வெட்டிச் சாலை போடுகிறது. ஓடை நிரந்தரமாகக் கலங்கிப்போகிறது. இரண்டு குழுவுக்கும் சம்பளம், இரண்டும் 'பாதுகாப்பு' வேலை, இரண்டின் நாட்களும் ஒரே கணக்கில் கூட்டல்.

இன்னொன்று குட்ஸு கொடி. அரிக்கும் மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று 1930களில் தென் அமெரிக்க மாநிலங்களில் (ஐக்கிய அமெரிக்காவின் தெற்கைச் சொல்கிறேன், தென் அமெரிக்கக் கண்டத்தை இல்லை) மண் பாதுகாப்புத் துறையே நாற்று வளர்த்துக் கொடுத்தது. முகாம் இளைஞர்கள் நட்டார்கள். நடும் விவசாயிக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை கொடுத்தார்கள். கொடி மண்ணைப் பிடித்தது, பிறகு மரத்தை, மின்கம்பத்தை, பாழடைந்த வீட்டை எல்லாம் பிடித்தது. பிற்பாடு அதை ஒழிக்கவும் அரசுப் பணம்தான்.

நடுவதற்குக் கூலி, பிறகு வெட்டுவதற்குக் கூலி. வேலைவாய்ப்பு என்ற கண்ணால் பார்த்தால் இதைவிட நல்ல செடி கிடையாது.

ஜூன் 13

மேலே சொன்னது கிண்டல். நிஜமாகவே திட்ட முன்மொழிவில் போட்டுவிடாதீர்கள்.

ஜூன் 21

'வெட்டுவதற்கே ஒரு திட்டம் இருக்கிறதே' என்று தென்னாப்பிரிக்காவை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். அதைத்தான் எழுத நினைத்திருந்தேன்.

'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' என்று பெயர், 1995-ல் தொடங்கியது. அப்போது நீர்வளத் துறை அமைச்சர் காதர் அஸ்மல். நிறவெறி ஆட்சி முடிந்த புதிது, கிராமங்களில் வேலை இல்லை. மறுபக்கம், மலைகளில் வெளிநாட்டு மரங்கள் பெருகி நீர்ப்பிடிப்பைக் குடித்துக்கொண்டிருந்தன. தோல் பதனிடும் பட்டைக்காக வந்த ஆஸ்திரேலியக் கறுப்பு வாட்டில் (black wattle) மரம், பைன், யூகலிப்டஸ், வறண்ட பகுதியில் நம் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட உறவான மெஸ்கீட். அங்கே இயல்பாக இருந்த ஃபின்போஸ் குறும்புதர்கள் குடிக்கும் நீரைவிட இவை குடிப்பது மிக அதிகம். மரத்தை வெட்டினால் ஓடையில் தண்ணீர், வெட்டுகிறவருக்குக் கூலி. பெண்கள் 60 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள், சங்கிலி ரம்பம் பிடிக்கப் பழக்கினார்கள். கூலிக்கு வந்தவர்களையே சிறு ஒப்பந்தக்காரர்களாக்கி, குழு சேர்த்து வேலையை எடுக்க வைத்தார்கள்.

காகிதத்தில் இதைவிட அழகான கணக்கு கிடையாது. தளத்தில் பாருங்கள். மரத்தை வெட்டி, அடிக்கட்டையில் மருந்து தடவியாயிற்று. மலை மொட்டையாகிவிட்டது, படம் எடுத்தாயிற்று. மண்ணுக்குள் அந்தக் கறுப்பு வாட்டிலின் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு படுத்திருக்கும். வெயில் பட்டால், தீ பட்டால், நெருக்கமாக முளைக்கும். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பிப்போய் விரல் உயரத்திலேயே பிடுங்காவிட்டால், முன்பைவிட அடர்ந்த புதர். அதாவது முதல் வெட்டுக்குச் செலவழித்த காசும் போச்சு.

அந்தத் 'திரும்பிப்போவது' இருக்கிறதே, அதுதான் இழுபட்டது. 2012-ல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, பல இடங்களில் மரங்கள் பரவியிருந்த பரப்பில் சிறு பகுதியைத்தான் வேலை எட்டியது, பல நிலப்பகுதிகளில் பரவல் கூடத்தான் செய்திருக்கிறது என்று சொன்னது. கோடிக்கணக்கான ராண்ட் செலவுக்குப் பிறகு. என் பார்வையில் காரணம் இதுதான்: வேலை நாட்கள் எல்லா இடத்துக்கும் பங்காகப் போகவேண்டும், எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்கவேண்டும். மரத்துக்கு அது புரியாது. ஒரே பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக, வருடா வருடம், விடாமல் போனால்தான் அது அடங்கும்.

ஜூன் 21, சற்றுப் பிறகு

மேலே ஒன்று விட்டுப்போச்சு. அங்கே மிக மலிவாக வேலை செய்தது மனிதர்களே இல்லை. கறுப்பு வாட்டில், அதன் உறவு மரங்கள் ஆகியவற்றின் விதையைத் தின்னும் கூன்வண்டுகளை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சப்பாத்திக்கள்ளிக்கு ஒருவகைச் செதில்பூச்சி. சம்பளம் கிடையாது, ஞாயிறு விடுமுறை கிடையாது. சுற்றுச்சூழல் ஒன்றுதான் குறி என்றால் பூச்சிக்குத்தான் முதலிடம். ஆள் வேலையும் குறி என்றால் பூச்சி போட்டியாளர்! இந்த இழையைத் தொடங்கியவர் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, அவர் பயன்படுத்தவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரத்தைப் பூச்சியால் வெட்ட முடியாது. விதையைக் குறைத்துக்கொடுத்தால், ஆள் திரும்பிப்போகும்போது பிடுங்கவேண்டிய முளை குறைவு. இரண்டும் கூட்டாளி. அந்த மரத்தை விறகாக எரித்து, கழியாக வெட்டிக் குடிசை போட்டுப் பிழைத்தவர்களும் ஏழைகள்தான், அது தனிச் சிக்கல்.

ஜூன் 24

தென்னாப்பிரிக்காவை விட மனசு வரவில்லை. அதே திட்டக் குடும்பத்தில் 2003-ல் ஒரு தீயணைப்புப் பிரிவு தொடங்கினார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்குக் காட்டுத்தீயை அணைக்கப் பயிற்சி. 2016-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பற்றி எரிந்தபோது அங்கிருந்து சுமார் 300 பேர் உதவிக்குப் போனார்கள். விமான நிலையத்தில் பாடி ஆடிய காணொளி உலகமெல்லாம் ஓடியது. சில நாட்களில் கூலித் தகராறு, வேலைநிறுத்தம், திரும்பி அனுப்பப்பட்டார்கள்.

பக்கத்தில் அதே தீயை அணைக்கிற கனடாக்காரனுக்கு என்ன சம்பளம் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று, வேறென்ன. நிவாரணம் என்று பெயர் வைத்தால் கூலி நிவாரணக் கூலியாகவே நின்றுவிடுகிறது. கைக்கு வந்த திறமைக்கு விலை ஏறுவதில்லை.

ஜூலை 1

இழையைத் தொடங்கியவர் மறுபடி வந்திருக்கிறார்: 'முதியவளை மண் சுமக்கவிட்டுத்தான் காசு கொடுக்கணுமா? சும்மா கொடுத்தால் என்ன?'

இதில் எனக்கு அவரோடு சண்டை இல்லை. எத்தியோப்பியாவில் 2005-ல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம் இதைத் தெளிவாகவே பிரித்தது. உடல் தெம்புள்ளவர் இருக்கும் வீடு என்றால் மலைச்சரிவில் படிக்கட்டு வரப்பு, நீர்த் தடுப்பு, மேய்ச்சலை நிறுத்திக் காட்டை மீளவிடும் வேலை. முதியவர், நோயாளி, வேலைக்கு ஆளில்லாத வீடு என்றால் வேலையில்லாமலே உதவி. கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள். விவசாய வேலை மும்முரமான மாதங்களில் பொதுவேலை வைப்பதில்லை என்பதும் அதன் வடிவிலேயே உண்டு. நான் அளவெடுத்த தளத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால், நிழலில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று தினமும் பஞ்சாயத்து செய்திருக்க வேண்டாம்.

ஆனால் 'எல்லாருக்கும் சும்மா கொடு' என்பதில் ஒன்று தொலைந்துபோகும். இந்தியாவின் 2005 சட்டம் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் என்று வைத்தது. வந்தவர்கள் பாதிக்கும் மேல். வீட்டுப் பக்கத்திலேயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வீதம், ஒப்பந்தக்காரர் கூடாது, சம்பளம் தன் கணக்கில். நிலக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள் என்ற பேச்சுக்கு எதிராக 'அங்கே போவேன்' என்று சொல்ல ஓர் இடம். மண்வேலைத் தளத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்ட பேச்சில் பாதி இதுதான். கூலியின் அளவைவிட, அதைச் சொல்லும்போது குரல் எப்படி மாறும் என்பது.

ஜூலை 4

காலண்டர் பற்றி எழுதாமல் விட்டால் என் புலம்பல் முழுமையாகாது.

வேலையின்மைக்கு ஒரு காலண்டர்: அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரை. கன்றுக்கு ஒரு காலண்டர்: முதல் நல்ல மழைக்குப் பின் சில வாரங்கள். நிதிக்கு ஒரு காலண்டர்: ஆண்டு முடிவதற்குள் செலவழி. மூன்றும் ஒரே நாளில் சந்திப்பது அபூர்வம். வறண்ட மாதத்தில் மண் வெட்டலாம், அகழி எடுக்கலாம், தூர் வாரலாம். அதற்கு ஆள் பசியும் மண் பசியும் பொருந்தும். நடவுதான் சிக்கல். ஆள் கேட்கும் மாதத்தில் நட்டால் செடி சாகும். செடிக்கு ஏற்ற மாதத்தில் ஆள் வயலில் இருப்பார்.

நிதி முடியும் மாதத்தில் அவசரமாக நட்ட ஒரு சரிவை பிறகு பார்க்கப் போனேன். வாடிய கன்று ஒன்றை இழுத்தேன், சிரமமே இல்லாமல் வந்தது. கறுப்பு பாலிதீன் பையோடு நட்டிருந்தார்கள். பையின் அடியில் வேர் வட்டம் சுற்றிச் சுற்றி, வெளியே வர வழியில்லாமல். பக்கத்துக் கன்றும் அப்படியே. எண்ணிக்கைக்குக் காசு என்றால் பையைக் கிழிக்கும் அந்த ஒரு நொடி வீண் செலவு. நட்டவர் மீது எனக்குக் கோபமில்லை, அவர் தலைக்கு இத்தனை கன்று என்று சொன்னவர் மீதுதான்.

பிலிப்பைன்ஸ் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2011 முதல் 2016 வரை 15 லட்சம் ஹெக்டேரில் 150 கோடி மரம் என்று இலக்கு, வறுமை ஒழிப்பும் அதே திட்டத்தின் நோக்கம். பிறகு அரசின் சொந்தத் தணிக்கைத் துறையே அந்த அவசரம் நடக்கிற காரியமில்லை என்று எழுதிவைத்தது. நாற்றங்கால் தயாராகாமல், இடம் பாராமல், இலக்குக்காக ஓடினால் வேறு என்ன ஆகும்.

எதிர்மாறாகப் பாகிஸ்தான். 2020 ஊரடங்கில் தினக்கூலிகள் முடங்கியபோது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மரநடுகைத் திட்டத்துக்கு விலக்கு கொடுத்து 63,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். திட்டம் முன்பே இருந்ததால்தான் சில வாரங்களில் முடிந்தது. 1933-ன் கிடப்பு வேலைப் பட்டியல் கதைதான் இதுவும்.

ஜூலை 15

சீனாவை ஏன் விட்டீர்கள் என்றால், அது கூலி வேலைத் திட்டம் என்பதைவிட நிலத்துக்குக் கொடுக்கும் ஈடு. 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு, 1999 முதல், செங்குத்துச் சரிவில் உழுவதை நிறுத்தி மரமோ புல்லோ வைத்தால் தானியமும் பணமும் கொடுத்தார்கள். நமக்குப் பாடம் ஒன்று உண்டு: வட சீனாவின் வறண்ட லோயஸ் மேட்டுநிலத்தில் மழைக்கு மீறி மரம் நட்ட இடங்களில் அந்த மரங்களே மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிட்டன. புல் போதும் என்ற இடத்தில் மரம் வைத்தால் அதுவும் சேதம்தான். ஆனால் 'புல் வளரவிட்டோம்' என்று எந்த அமைச்சராவது படம் எடுத்துக்கொள்வாரா?

ஜூலை 30

'சரி, பிழைத்த கன்றுக்கு மட்டும் கூலி என்று வைத்துவிடலாமே' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒருகாலத்தில் அது பளிச்சென்று பிடித்தது. யோசித்தால் ஆபத்து. மழை பொய்த்தால் கன்று சாகும், அதே மழை பொய்த்த வருடத்தில்தான் அவருக்குக் கூலி மிக அவசியம். வானத்தின் கடனை ஏழை தலையில் கட்டுகிற ஏற்பாடு அது. கூலி உழைப்புக்கு, நாள் தவறாமல். பிழைத்ததற்கு வேண்டுமானால் மேலே ஒரு தொகை, தனி ஆளுக்கு இல்லாமல் குழுவுக்கு, வறட்சி வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல்.

அதைவிட முக்கியம், முதல் மதிப்பீட்டிலேயே மூன்று வருடப் பராமரிப்பையும் இனம் இனமாக எழுதிப் பணத்தைப் பூட்டிவைப்பது: களை, தண்ணீர், செத்த கன்றுக்கு மாற்று, காவல், கரை உடைப்பு அடைக்க ஒரு சில்லறை இனம். தளத்துக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேரை நிரந்தரமாக வைத்தால் நூறு பேர் ஒரு வாரம் செய்வதைவிட மரத்துக்கு நல்லது. வேலை நாட்கள் என்ற எண் குறைவாகத் தெரியும், அறிவிப்பில் எடுபடாது. நூறு பேருக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு மண்வேலை, வறண்ட மாதத்தில். எல்லா வேலையையும் எல்லாருக்கும் பங்கு போடவேண்டியதில்லை.

இந்தியத் திட்டத்தில் ஒவ்வொரு பணியையும் தொடங்குமுன், நடுவில், முடித்தபின் என மூன்று நிலையில், எடுத்த இடத்தைக் காட்டும் குறியோடு படமெடுத்துப் பதிவேற்றச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு, என்னைப் போன்றவன் புல்லை இழுத்துப் பார்ப்பதைவிட நாணயமானது. மூன்று வருடம் கழித்து நாலாவது படம் கேட்கச் சொல்லி மனு போட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால் வடிவத்தைப் பகிருங்கள். நான் எழுதிய வரைவு இரண்டு பக்கம் நீண்டு, பாதி திட்டுவதாகவே இருக்கிறது.